ஐஸ்கூல் கணக்கு

சேவூர்ப் பக்கம் என் வயதுக்காரர்கள் யாரும் பேச்சில் "உயர்நிலைப் பள்ளி" என்று சொல்லிக் கேட்டதில்லை. ஐஸ்கூல்தான். "பையன் ஐஸ்கூல் படிக்கறானுங்க" என்றால் அந்த வீட்டுக்கு ஒரு தனி மரியாதை. ஐஸ்கூலை முடித்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் கைக்கு வந்துவிட்டால் தாலுகா ஆபீஸ், கரண்ட் ஆபீஸ், பேங்க் என்று ஏதோ ஒரு கதவு திறக்கும் என்று நம்பிய காலம் அது. பலருக்குத் திறக்கவும் செய்தது.

முப்பத்து நான்கு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் மே மாதம் தேர்வு முடிவு வந்தவுடன் பழைய மாணவர்கள் போன் செய்வார்கள். "சார், நம்ம மாவட்டம் பர்ஸ்ட்!" சந்தோஷம்தான். ஆனால் ஒரு பள்ளி நன்றாக நடக்கிறதா என்று கேட்டால், தேர்ச்சி விழுக்காடு என்ற ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்லும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? ஐஸ்கூல் என்ற இந்த வெள்ளைக்காரச் சரக்கோடு கூடவே வந்ததுதான். அந்தக் கதையை எனக்குத் தெரிந்த மட்டில் எழுதி வைக்கிறேன்.

ஐஸ்கூல் வருவதற்கு முன் இங்கே பள்ளிக்கூடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு கலெக்டரிடமும் ஒரு கணக்குக் கேட்டார். உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டம் போட்ட படிவம். அப்போது கோயமுத்தூர் கலெக்டராக இருந்தவர் ஜான் சல்லிவன், ஊட்டியை உண்டாக்கியவர் என்று நாம் படித்த அதே சல்லிவன். அவர் அனுப்பிய கணக்கில் நம் ஜில்லாவில் 763 பள்ளிக்கூடங்கள். எல்லாம் திண்ணைப் பள்ளிகள். மணலில் விரல் வைத்து எழுதி, எண்சுவடி ஒப்பித்து, ஓலையில் எழுத்தாணி பிடித்துப் படித்தவை. அன்றைய கோயமுத்தூர் ஜில்லா என்றால் ஈரோடு, கோபி, தாராபுரம், கரூர், நீலகிரி எல்லாம் சேர்ந்தது.

1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதுக்கும் 12,498 பள்ளிகள் என்று கூட்டிச் சொல்கிறார். ஜனத்தொகையில் 67 பேருக்கு ஒருவர் பள்ளியில் இருக்கிறார் என்பது அவர் கணக்கு. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளையும் சேர்த்தால் ஆண் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு ஏதோ ஓரளவு படிக்கிறார்கள் என்றும் அவர் நினைத்தார். இந்த எண்ணை வைத்து "அப்போதே எல்லாரும் படித்தார்கள்" என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அதே படிவத்தில் பெண் பிள்ளைகளின் கட்டத்தைப் பார்த்தால் அப்படிப் பேச வாய் வராது. அந்தத் திண்ணைகளில் பலவற்றில் ஏற முடியாத சாதிகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எனக்கு மன்றோவின் படிவத்தில் ஒரு மரியாதை உண்டு. அவர் யார் பாஸ், யார் பெயில் என்று கேட்கவில்லை. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டார்.

இங்கிலீஷ் படிப்பு கோயமுத்தூருக்கு முதலில் பாதிரிமார்களோடு வந்தது. லண்டன் மிஷனின் ஆடிஸ் பாதிரியார் 1830இல் வந்து சேர்ந்தார். 1835இல் மெக்காலே தன் குறிப்பை எழுதினார். அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் நிறுத்தப் போவதில்லை. ஆனால் பலர் கவனிக்காத வருடம் 1844. கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் அந்த வருடம், சர்க்கார் வேலைக்கு இங்கிலீஷ் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று உத்தரவு போட்டார். நம் ஜனங்களை இங்கிலீஷ் பள்ளிக்கு இழுத்தது மெக்காலேயின் வாதம் அல்ல, இந்த உத்தரவுதான் என்பது என் எண்ணம். படித்தால் உத்தியோகம் என்ற கயிறு அங்கேதான் கட்டப்பட்டது. இன்னும் அவிழவில்லை.

1852இல் கோயமுத்தூரில் மேல்நாட்டுப் படிப்பு சொல்லிக்கொடுக்க ஒரு சிறிய பள்ளி தொடங்கினார்கள். 1861இல் அது ஐஸ்கூல் ஆனது. 1867இல்தான் அந்தப் பள்ளியிலிருந்து முதல் அணி சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் போனது. எத்தனை பேர் தெரியுமா? பத்துப் பேர். 1870இல் அங்கே கல்லூரி வகுப்பும் சேர்ந்து, அதுவே பின்னால் கோயமுத்தூர் அரசு கலைக் கல்லூரி ஆனது. நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் படித்த கல்லூரி. அதன் வேர் ஒரு ஐஸ்கூல் என்பதும், அந்த ஐஸ்கூலின் முதல் பரீட்சைக்குப் பத்துப் பையன்கள் மட்டுமே போனார்கள் என்பதும் அங்கே படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோயமுத்தூரில் சர்க்கார் இங்கிலீஷ் ஐஸ்கூல் நடத்திக்கொண்டிருந்த அந்த வருடங்களில் இங்கிலாந்தில் சர்க்கார் ஐஸ்கூல் என்று ஒன்றே கிடையாது. பணக்காரப் பிள்ளைகளுக்குப் பழைய தனியார் பள்ளிகள், ஏழைகளுக்குத் தேவாலயப் பள்ளிகள், அவ்வளவுதான். ஆரம்பக் கல்விக்கே 1870இல்தான் சட்டம் வந்தது. உள்ளூராட்சி பணம் போட்டு உயர்நிலைப் பள்ளி நடத்தலாம் என்று வந்தது 1902இல். எல்லாப் பிள்ளைக்கும் இலவச உயர்நிலைக் கல்வி என்று 1944 சட்டம் சொன்னது. அதிலும் பதினோரு வயதில் ஒரு பரீட்சை வைத்து, தேறியவன் கிராமர் ஸ்கூல், தேறாதவன் வேறு பள்ளி என்று பிரித்தார்கள். ஆக, நமக்குப் படிப்புக் கொடுத்த மகராசன் தன் வீட்டுப் பிள்ளைக்கே அதை ஒழுங்காகக் கொடுக்கவில்லை. இங்கே அவனுக்கு வேண்டியது குமாஸ்தா. அதற்குப் பத்துப் பேர் போதும்.

1862ஆம் வருடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த வருடம் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை பேப்பூர் வரை ரயில் முழுதாக ஓடத் தொடங்கியது. திருப்பூர் அந்தப் பாதையில் இருக்கிறது. அதே வருடம் காப்பி வியாபாரி ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயமுத்தூரில் ஒரு பள்ளி தொடங்கினார். அப்போது அவருக்கு இருபத்தொன்றுதான் வயது. இன்றும் அவினாசி ரோட்டில் கோயமுத்தூருக்குள் நுழையும்போது ஸ்டேன்ஸ் பள்ளியைப் பார்க்கலாம். வெள்ளைக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளி அது. இதே ஸ்டேன்ஸ்தான் 1888இல் கோயமுத்தூரின் முதல் நூல் மில்லுக்கும் காரணமானவர். அதாவது நம் பகுதியின் பஞ்சுத் தொழிலும் இங்கிலீஷ் படிப்பும் ஒரே ஆளின் கையில் கொஞ்ச காலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மில்லில் நம் ஆட்கள், பள்ளியில் அவர்கள் பிள்ளைகள்.

அதே 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற மந்திரி ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஆரம்பப் பள்ளிகளுக்குச் சர்க்கார் பணம் வேண்டுமா? இன்ஸ்பெக்டர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். தேறிய தலைக்கு இவ்வளவு, தேறாத தலைக்கு வெட்டு. இங்கிலாந்தில் இது 1897 வரை நடந்தது. மேத்யூ ஆர்னால்டு என்ற பெரிய கவிஞர், அவரே பள்ளி இன்ஸ்பெக்டர், இது படிப்பை இயந்திரமாக்குகிறது என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை. நம் மாகாணத்துக்கும் இந்தச் சரக்கு சீக்கிரமே கப்பலேறி வந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு "ரிசல்ட் கிராண்ட்" என்று கொடுத்தார்கள். பரீட்சைக்குத் தேறுகிற பிள்ளைக்குத்தான் காசு என்றால் வாத்தியார் யாரைப் பக்கத்தில் உட்காரவைப்பார், யாரை மாடு மேய்க்கப் போகச் சொல்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தேர்ச்சி விழுக்காட்டின் தாத்தா இந்தத் திட்டம்தான்.

கோபிக்கு ஐஸ்கூல் வந்தது 1898இல். விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 வருடம் ஆனதைக் கொண்டாடும் விதமாக வைர விழா உயர்நிலைப் பள்ளி என்று பெயர். நம்பியூர் வழியாகக் கோபி போகிறவர்களுக்கு அந்தப் பள்ளியைத் தெரியாமல் இருக்காது. மகாராணி போய், சாம்ராஜ்யம் போய், பெயர் மட்டும் இன்னும் வைர விழா. நம் ஜனங்கள் பெயரை மாற்றாததை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் யார் பெயரில் இருந்தால் என்ன?

அந்தக் கால ஐஸ்கூலில் கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாமே இங்கிலீஷில்தான். தமிழ் ஒரு பாடம், அவ்வளவே. வீட்டில் ஒரு வார்த்தை இங்கிலீஷ் கேட்டிராத பையன், தேம்ஸ் நதி எங்கே புறப்படுகிறது என்று இங்கிலீஷில் ஒப்பிக்க வேண்டும். நொய்யல் எங்கே புறப்படுகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். மெட்ரிகுலேஷனில் தோற்றவர்கள் ஏராளம். "மெட்ரிகுலேஷன் பெயில்" என்பதையே ஒரு படிப்புத் தகுதிபோலச் சொல்லிக்கொண்ட காலம் அது. உள்ளே போய்விட்டு வந்தவன் என்று அர்த்தம்.

இந்த முறையின் திறமைக்கு ஒரு சாட்சி நம் பக்கத்தில் பிறந்தவரே. சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில் பிறந்தார். படித்தது கும்பகோணம் டவுன் ஐஸ்கூலில், 1898 முதல். 1904இல் பள்ளியை முடிக்கும்போது கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்கு. உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கிலீஷ் கட்டுரையில் தவறினார், உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. எழுதினார், 1907இல் அதிலும் தேறவில்லை. கணக்கில் அல்ல, உடற்கூறு போன்ற பாடங்களில். உலகமே தலைமேல் வைத்துக்கொண்ட ஒரு மூளையை இந்தப் பரீட்சை முறை "பெயில்" பட்டியலில்தான் எழுதியது. அவர் படித்த கல்லூரியின் தேர்ச்சி விழுக்காட்டில் அந்த வருடம் ராமானுஜன் ஒரு குறைவு!

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே இங்கிலீஷ் படிப்புதான் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி வழியாக சி.வை. தாமோதரம் பிள்ளையைக் கொடுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். அதில் இவர் ஒருவர். இங்கிலீஷில் பட்டம் வாங்கிய அந்த மனிதர் தன் கைக்காசைப் போட்டுக் கரையான் அரித்த ஏடுகளைத் தேடிக் கலித்தொகையை 1887இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆகவே இங்கிலீஷ் ஐஸ்கூல் தமிழைக் கொன்றது என்று ஒரே வரியில் முடித்துவிட என்னால் ஆகாது.

1911இல் மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாக எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் புத்தகம் ஞாபகம் இருக்கும். கெட்டி அட்டை, உள்ளே பெயர், தகப்பனார் பெயர், சாதி, உடம்பில் இரண்டு அடையாளம். "வலது முழங்கையில் ஒரு மச்சம்" என்று என் புத்தகத்தில் இருக்கிறது. மச்சம் மங்கிவிட்டது, மை மங்கவில்லை. அந்த முறையின் ஆரம்ப யோசனை நல்ல யோசனை. பாஸ், பெயில் என்று முத்திரை குத்த வேண்டாம், பள்ளியில் வாங்கிய மார்க்கையும் பொதுப் பரீட்சை மார்க்கையும் அந்தப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்துவிடுவோம், கல்லூரியோ ஆபீஸோ பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான். பிறகு "கல்லூரிக்குத் தகுதி" என்று ஒரு கோடு போட்டார்கள். கோடு போட்டவுடன் மேலே இருப்பவன் பாஸ், கீழே இருப்பவன் பெயில். பேப்பரில் நம்பர் வந்தால் மனிதன், வராவிட்டால் டுட்டோரியல் காலேஜ். அந்தத் தட்டிக் கொட்டகைகளில் எத்தனை நல்ல வாத்தியார்கள் இருந்தார்கள் என்று யாராவது எழுத வேண்டும்.

ஐஸ்கூல் தமிழுக்கு மாறிய கதையில் நம் திருப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. சேலத்தில் வக்கீலாக இருந்தபோதே, 1916இல், விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் உண்டாக்க ஒரு சங்கம் ஆரம்பித்தவர் ராஜாஜி. அவர் முதல் மந்திரியாக இருந்தபோது, 1938 வாக்கில், ஐஸ்கூலில் பாடம் தாய்மொழியில் என்ற உத்தரவு வந்தது. அதை முழுதாக நடத்திக் காட்டியவர் 1946 முதல் 1949 வரை கல்வி மந்திரியாக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1903இல் திருப்பூரில் பிறந்தவர். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தை உண்டாக்கியவர். பாடம் தமிழில் என்றால் தமிழில் புத்தகம் வேண்டுமே என்று தமிழ் வளர்ச்சிக் கழகம் அமைத்து, பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கு வழி செய்தார். 1957இல் பெண்களுக்கு மனையியல் கல்லூரியும் தொடங்கினார். நம் கிராமங்களில் பெண் பிள்ளை பெரியவள் ஆனதும் சிலேட்டைப் பிடுங்கி வைத்த காலம் அது.

அடுத்தது காமராஜர் காலம். அப்போது கல்வி மந்திரி நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. 1956இல் மதிய உணவு. அறுபதுகளின் முற்பகுதியில் படிப்படியாக ஐஸ்கூல் வரை சம்பளம் இல்லாத படிப்பு. என் தலைமுறை அந்தச் சோற்றிலும் அந்த இலவசத்திலும் மேலே வந்தது. எங்கள் அப்பாரு கைநாட்டு, அப்பா ஐந்தாவது, நான் வாத்தியார். 1867இல் பத்துப் பேர் நுழைந்த கதவில் நூறு வருடம் கழித்து நாங்கள் கூட்டமாக நுழைந்தோம். என் கணக்கில் ஐஸ்கூலின் பெரிய சாதனை அதுதான். அதற்கு எந்த விழுக்காடும் கிடையாது.

1978இல் பிளஸ் டூ வந்தது. அதே எழுபதுகளின் முடிவில்தான் திருப்பூர் பனியனும் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வளர்ந்தன என்பதை நினைவில் வையுங்கள். ஐஸ்கூலுக்கு எதிர்க்கடை வந்துவிட்டது. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு வாரச் சம்பளம் கொடுக்கிற கடை. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கிற "கைமடி" வேலை, பிசிர் வெட்டுவது, செக்கிங். சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு. தொண்ணூறுகளில் குழந்தைத் தொழிலாளர் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை பேச்சு வந்தபிறகு கம்பெனிகள் வயதுச் சான்று கேட்க ஆரம்பித்தன. நம் பக்கத்துப் பிள்ளைகள் மெல்லப் பள்ளிக்குத் திரும்பினார்கள். அந்த இடத்துக்குத் தென் மாவட்டங்களிலிருந்து பதின்வயதுப் பெண் பிள்ளைகள் வந்தார்கள். மூன்று வருடம் நூல் மில் விடுதியில் இருந்து வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை என்ற "சுமங்கலித் திட்டம்" பற்றி எல்லாரும் படித்திருப்பீர்கள். அந்தப் பெண்கள் பாதியில் விட்ட படிப்பு அவர்கள் மாவட்டத்துக் கணக்கில்தான் குறைந்தது. நம் மாவட்டத்துக் கணக்கில் ஒன்றும் குறையவில்லை.

சரி, இப்போது விழுக்காட்டுக்கு வருவோம். திருப்பூர் மாவட்டம் 2009இல் தனியாகப் பிரிந்தது. 2019 பிளஸ் டூ தேர்வில் 95.37 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம். அதே வருடம் பத்தாம் வகுப்பிலும் 98.53, அதிலும் முதலிடம். 2020 பிளஸ் டூவில் 97.12, மறுபடியும் முதல். 2024இல் 97.45, மறுபடியும் முதல். அந்த வருடம் மாநிலத் தேர்ச்சி 94.56. மாநில அளவில் பெண்கள் 96.44, ஆண்கள் 92.37. மன்றோவின் படிவத்தில் ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்த பெண்கள் கட்டம் இன்று ஆண்களுக்கு மேலே. இதை எழுதும்போது எனக்கு உள்ளபடியே பெருமையாக இருக்கிறது. அவினாசி, சேவூர்ப் பக்கத்துத் தறி வீடுகளிலும் பனியன் கம்பெனி லைன் வீடுகளிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்த பிள்ளைகள் வாங்கிய எண் இது. யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. ராத்திரி ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடிய வாத்தியார்களையும் நான் அறிவேன்.

ஆனால் எண்ணுக்கு உள்ளே இருந்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 97 விழுக்காடு என்றால் பரீட்சை எழுதிய நூறு பேரில் 97 பேர். எழுத வராதவர்கள் அந்த நூறில் இல்லை. எட்டாவது வரை யாரையும் நிறுத்தக்கூடாது என்று கட்டாயக் கல்விச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வடிகட்டும் சல்லடை ஒன்பதாம் வகுப்புக்கு நகர்ந்தது.

நான் வேலை பார்த்த ஒரு தனியார் பள்ளியில் (பெயர் வேண்டாம், இப்போது நிர்வாகமும் மாறிவிட்டது) ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு கூட்டம் நடக்கும். ஒன்பதாவதில் "சந்தேகக் கேஸ்"கள் பட்டியல் மேஜைமேல் இருக்கும். ஒரு வருடம் பதினோரு பெயர். பெற்றோரை அழைத்து, "பத்தாவதுல பெயிலானா பையன் மனசு ஒடிஞ்சிரும், இப்பவே வேற ஸ்கூல் பாருங்க, டி.சி. கிளியரா தர்றோம்" என்று மரியாதையாகச் சொல்லுவார்கள். பதினோரு பேரில் நான்கு பேர் வேறு பள்ளிக்குப் போனார்கள். மற்றவர்கள் கம்பெனிக்கு. அடுத்த வருடம் பள்ளி வாசலில் "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அந்தப் பதினொன்றில் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். கணக்கில் மந்தம், ஆனால் என் இங்கிலீஷ் வகுப்பில் கதை சொல்லச் சொன்னால் எல்லாரையும் சிரிக்கவைப்பான். கைமடியாகப் போய், டெய்லராகி, இப்போது எட்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறான். பையரிடமிருந்து வரும் இங்கிலீஷ் கடிதத்தை மகள்தான் படித்துச் சொல்கிறாள். "விட்டிருந்தா முப்பத்தஞ்சு வாங்கியிருப்பனுங்க சார்" என்றான் ஒரு கல்யாண வீட்டில். வாங்கியிருப்பான்.

இது நம் ஊர்க் கெட்ட பழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். பேரன் ஒருவன் இங்கிலாந்தில் இருப்பதால் அங்கே நடப்பதையும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். 1992 முதல் அங்கே ஒவ்வொரு ஐஸ்கூலின் தேர்வு முடிவையும் பட்டியல் போட்டுப் பத்திரிகையில் வெளியிடுகிறார்கள். அதே வருடம் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அலுவலகமும் வந்தது. இன்ஸ்பெக்டர்கள் வந்து பார்த்துவிட்டு ஒட்டுமொத்தப் பள்ளிக்கும் ஒரு தரச் சொல் கொடுப்பார்கள். மிகச் சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது. நல்ல சொல் கிடைத்த பள்ளிப் பக்கம் வீட்டு விலை ஏறும். கெட்ட சொல் கிடைத்த பள்ளியின் தலைமையாசிரியர் தூக்கம் போகும். 2023இல் ஒரு தலைமையாசிரியை உயிரையே மாய்த்துக்கொண்ட பிறகு எழுந்த எதிர்ப்பில், 2024 செப்டம்பரில் அந்த ஒற்றைச் சொல் முறையைக் கைவிட்டார்கள். அங்கேயும் மார்க் குறைவான பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன் நைசாக வெளியே அனுப்பும் வேலை நடந்திருக்கிறது. அதற்கு "ஆஃப்-ரோலிங்" என்று பெயரே வைத்து, ஆஃப்ஸ்டெட்டே அதைக் கண்டித்திருக்கிறது. நமது ஒன்பதாம் வகுப்பு டி.சி.க்கு இங்கிலாந்தில் பெயர் மட்டும் வேறு. 1862இல் லோ விதைத்த விதை இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரிதான் முளைத்திருக்கிறது.

இங்கே 2017இல் மாநில ரேங்க் பட்டியலை ஒழித்தது நல்ல காரியம். பிளஸ் ஒன் பாடத்தை மூட்டை கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளுக்குக் கடிவாளமாக 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். ஒரு சல்லடைக்கு இன்னொரு சல்லடை மருந்து என்பது எனக்கு ஒப்பவில்லை. அது வாத்தியார்கள் சங்கத்தில் பேச வேண்டிய விஷயம், இங்கே வேண்டாம்.

கடைசியாக மொழி. நம் அவினாசிலிங்கம் பாடுபட்டுத் தமிழுக்குக் கொண்டுவந்த ஐஸ்கூல் சத்தமில்லாமல் மறுபடி இங்கிலீஷுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் மெட்ரிகுலேஷன் பள்ளிகள். பழைய பரீட்சையின் பெயர் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது! பிறகு 2013 வாக்கில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புகள் பரவலாக வந்தன. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. பையருக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவன் முதலாளி, தெரியாதவன் ஜாப் ஒர்க் என்பதை அவர்கள் தினமும் கம்பெனியில் பார்க்கிறார்கள். 1844இல் ஹார்டிஞ்ச் கட்டிய கயிற்றின் இன்னொரு முனை அது. இந்தச் சண்டைக்கு நடுவே திருப்பூர் மாநகராட்சிப் பள்ளிகளில் பீகார், ஒடிசாப் பக்கத்துத் தொழிலாளர்களின் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழும் புதுசு, இங்கிலீஷும் புதுசு. தமிழில் கணகணவென்று ஒப்பிக்கிற பிள்ளைகள் அவர்களில் இருக்கிறார்கள். சீசன் முடிந்து அப்பா ஊருக்குப் போனால் அந்தப் பிள்ளையும் பாதி வருடத்தில் காணாமல் போய்விடும்.

ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் அறை பீரோவில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். நூற்றாண்டு கண்ட பள்ளி என்றால் நூறு வருடத்துப் பதிவேடும் இருக்கும். அதை அழிக்கக் கூடாது என்பது விதி. மார்க் லிஸ்ட் எங்கேயாவது தொலையும், இது தொலையாது. இடது பக்கம் சேர்ந்த தேதி. வலது பக்கக் கடைசியில் இரண்டு கட்டம். ஒன்றில் விலகிய தேதி. மற்றதில் விலகிய காரணம். ஓய்வு பெறுகிற மாதம் நான் பத்து வருடத்துப் பதிவேட்டை ஒரு தடவை புரட்டினேன். ஆறாவதில் சேர்ந்த பெயர்களை எண்ணி, பத்தாவது எழுதிய பெயர்களை எண்ணி, ஒரு துண்டுச் சீட்டில் குறித்தேன். அந்தச் சீட்டின் எண்ணுக்கும் வாசல் ஃபிளெக்ஸ் எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. விலகிய காரணம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே வரை பெரும்பாலும் ஒரே வாசகம்தான், வேறு வேறு கையெழுத்தில்: "நீண்ட நாள் வராமை".